ஒட்டுப்போட்ட கயிறு

பெரியவளின் கணவர் தினமும் காலையில் சூரியனோடு பேசுவார். வேண்டுதல் ஒன்றும் கிடையாது. நேரத்துக்கு வேலைக்கு வந்துவிட்ட ஆளைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி, "வாப்பா, வந்துட்டியா" என்பார். சொல்லிவிட்டுத் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்கு நடப்பார். அவர் போய்ச் சேர்வதற்குள் பம்ப் தானாகவே முனகத் தொடங்கியிருக்கும். குழாயில் முதலில் காற்று வரும், பிறகு இருமல் மாதிரி ஒரு சத்தம், அப்புறம் தண்ணீர்.

"வெயிலுக்குப் பில் வராது" என்பதுதான் அவருடைய புதுப் பாட்டு. டீக்கடையில் பாடினார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் பாடினார். பல் டாக்டரிடம் போனபோது வாயைப் பிளந்து வைத்துக்கொண்டே பாடப் பார்த்தார். டாக்டர் பாவம், வலிக்கிறது என்று நினைத்து இன்னொரு ஊசி போட்டுவிட்டார்.

பெரியவள் சிரிப்பாள், மறுத்து ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். தோட்டத்து மூலையில் வரிசையாக வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்த அந்த சோலார் தகடுகள் மேல் அவளுக்கு இருந்த நன்றி, அவருடையதைவிடப் பெரிது. அதற்குச் சாட்சி அவளுடைய வலது மணிக்கட்டு.

முன்பு அந்த இடத்தில் ஒரு டீசல் இன்ஜின் இருந்தது. இன்ஜின் என்று மரியாதைக்குச் சொல்வது, குணத்தில் அது வெறிபிடித்த மாடு. இரும்புக் கைப்பிடியை அதன் வயிற்றில் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும். பற்றிக்கொள்கிற நொடியில் கையை விட்டுவிட வேண்டும், விடாவிட்டால் கைப்பிடி எதிர்த்துச் சுழன்று உதைக்கும். கணவர் அப்போது மரக்கடையில் வேலை பார்த்தார், வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே இன்ஜினோடு மல்லுக்கட்டுவது அவள் வேலை. ஒரு காலையில் அது உதைத்தது, எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டார்கள், கட்டுப் பிரித்தார்கள், ஆனால் மணிக்கட்டு பழையபடி திரும்பவில்லை. இன்றைக்கும் அவள் பூட்டைத் திறப்பது இடது கையால்தான்.

அந்தப் பருவம் முழுக்க அவளுக்காக இன்ஜினைச் சுற்றியவள் சின்னவள். கணவருடைய தம்பியின் மனைவி, வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி. இருவரும் அடுத்தடுத்து மருமகளாக வந்தபோது மாமியார் அடையாளத்துக்கு வைத்த பெயர்கள் பெரியவள், சின்னவள். மாமியார் போய்ச் சேர்ந்தும் பெயர்கள் நிலைத்துவிட்டன. சின்னவளுக்கு ஒல்லிக்குச்சி உடம்பு. அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் சாலையில்தான் இருப்பான். தன் மாடு, தன் மிளகாய்ச் செடி, தன் வீடு எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகப் பார்த்துவிட்டு, தினமும் வேலிச் சந்து வழியாக வந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அந்த இன்ஜின் மாட்டை அடக்கிவிட்டுப் போவாள். ஒரு நாளாவது அலுத்துக்கொண்டதில்லை. ஓர்ப்படிகள் என்றால் ஒருத்தி உப்பை ஒருத்தி எடைபோடுவார்கள் என்று ஊரில் சொல்வார்கள். இந்த இருவரைப் பார்த்து ஊருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இன்ஜின் காலத்தில் அந்தக் குடும்பத்துக்கு இரண்டு வழக்கங்கள் இருந்தன. முதலாவது, ஓடுகிற இன்ஜினை யாரும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மறுபடி சுற்ற வேண்டும், சூடாக இருக்கும்போது அது லேசில் பற்றாது, கை போய்விடும். டாங்கி காலியாகித் தானாக நின்றால்தான் நிற்க வேண்டும். இரண்டாவது, தங்கள் பாத்திகள் நிறைந்த பிறகு டாங்கியில் மிச்சம் இருக்கிற டீசலுக்கு வருகிற தண்ணீர் சின்னவளுக்கு. மடையை வேலிப் பக்கம் திருப்பிவிட்டால் போதும், தண்ணீர் சரிவில் இறங்கி மிளகாய்க் காட்டுக்குப் போய்விடும். யாரும் கேட்டதில்லை, யாரும் நன்றி சொன்னதில்லை. அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

அப்புறம் மானியத்தில் சோலார் வந்தது. மாட்டிக்கொடுக்க வந்தவர் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சுவரில் முடுக்கிவிட்டு, "வெயில் வந்தா ஓடும், போனா நிக்கும். நீங்க கையே வெக்க வேணாம்" என்றார். நல்ல மனுஷர், நல்லதாகத்தான் சொன்னார். பெட்டியில் ஒரு திருகு சுவிட்ச் இருந்தது. அவரே அதைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். முதல் தண்ணீர் வந்தபோது பெரியவள் தகடுகளின் பின்பக்கம் போய் நின்று, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்த சுவிட்சை யாரும் தொடவில்லை. காலையில் ஓடத் தொடங்குகிற பம்ப், வெயில் இறங்குகிற வரை ஓடியது. பாத்தி நிறைந்து, வாய்க்கால் நிறைந்து, வழிந்து, பாதைக்குப் போனது. இவ்வளவு தண்ணீரைச் சும்மா விடலாமா என்று கணவர் மரக்கடை வேலையை விட்டுவிட்டு வாழை வைத்தார். மேல்பாதி நிலத்திலும் வைக்கலாம் என்று குழிகள் தோண்டினார். மத்தியானம் குழாய் உச்சத்தில் கொட்டும்போது அதன் கீழே உட்கார்ந்து குளிப்பார். காலையில் ஒரு குளியல் ஏற்கெனவே ஆகியிருக்கும். அழுக்கு இல்லாத ஆளுக்கு ஏன் இத்தனை சோப்பு என்று பெரியவள் கேலி செய்வாள்.

மிச்சம் என்று ஒன்று இல்லாமல் போனதை அவர்கள் கவனிக்கவில்லை. டாங்கி இருந்தால்தானே மிச்சம். வெயிலுக்கு ஏது மிச்சம்?

சின்னவள் முதல் தடவை கயிறு கேட்டு வந்தது வாழை இடுப்பளவு இருந்தபோது.

"அக்கா, கிணத்துக் கயிறு கொஞ்சம் எட்டல. பழசு ஏதாவது இருக்கா?"

"இருக்குடி, மாட்டுக்கயிறு ஒண்ணு சும்மா கிடக்கு" என்று எடுத்துக் கொடுத்தாள் பெரியவள். கொடுத்ததில் அவளுக்குச் சந்தோஷம்கூட.

சின்னவளின் கிணறு திறந்த கிணறு, இவர்கள் குழாய்க்கிணற்றுக்குக் கீழே சரிவில் இருந்தது. வீட்டுக்கும் மாட்டுக்கும் வாளியால் இறைப்பாள். மிளகாய்க்கு ஒரு சின்ன மோட்டார் வைத்திருந்தாள். தண்ணீர் இறங்கினால் மோட்டார் காற்றைக் குடித்துக் கத்தும், அப்போது அதையும் நிறுத்திவிட்டுக் குடத்தில் சுமந்து ஊற்றுவாள்.

இரண்டாவது தடவை வந்தபோது பெரியவள் துணி உலர்த்துகிற கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தாள். மூன்றாவது தடவை வீட்டில் கயிறே இல்லை. கொட்டகையில் தேடி, பழைய இன்ஜினை வண்டியில் ஏற்றி அனுப்பியபோது கட்டிய தடிக்கயிற்றில் மிச்சத்தை எடுத்தாள்.

"என்னடி, கிணத்துல பாதாளத்துக்கா வாளி விடற?"

சின்னவள் சிரித்தாள். ஆனால் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. "அவரு போன்ல சொல்லிக்கிட்டே இருக்காரு. டவுன்ல ஒரு ரூம் பாத்திருக்காராம், வந்துடுன்னு. செடியெல்லாம் இப்பதான் பூ எடுத்திருக்குக்கா. இந்தப் பூ உதிர்ந்துபோச்சுன்னா, நானும் மாட்டை வித்துட்டுக் கதவைப் பூட்டிட்டுக் கிளம்பிடுவேன்."

"போடி, பேச வந்துட்டா" என்றாள் பெரியவள். ஆனால் அன்றைக்கு முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பூட்டிய வீடு ஒன்றை நினைத்துப் பார்த்தாள். யார் மேலே பழி போடுவது என்று யோசித்து, மழை மேலே போட்டாள்.

மழையும் வரவில்லை. அதற்குப் பதிலாக வெறும் மேகம் வந்தது. ஒரு வாரம் போல வானம் அழுக்குப் போர்வையாக மூடிக்கிடந்தது. ஒரு சொட்டு விழவில்லை. பம்ப் காலையில் முனகிப் பார்த்துவிட்டுப் படுத்துவிடும். கணவர் காலையில் வாசலில் நின்று மேகத்தை அண்ணாந்து பார்த்து, வராத வேலையாளைத் திட்டுகிற மாதிரி திட்டுவார். குளியல் ஒன்றாகக் குறைந்தது.

இந்தப் புலம்பலைக் கேட்க ஆள் வேண்டுமே என்று பெரியவள் வேலிச் சந்து வழியாக சின்னவள் வீட்டுக்குப் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சின்னவளின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மிளகாய்ப் பாத்திகளில் தண்ணீர் பளபளத்தது. சின்னவள் சேற்றில் கால் புதைய நின்று, மடையை வெட்டிக்கொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

"மழை எங்கடி பேஞ்சுச்சு?"

"எங்கயும் பேயலக்கா."

"அப்புறம் தண்ணி?"

"வந்துச்சு" என்றாள் சின்னவள். சொல்லிவிட்டு, நன்றாக இருந்த மடையை மறுபடி வெட்டத் தொடங்கினாள்.

கிணற்றுச் சுவர் மேல் கயிறு கிடந்தது. மாட்டுக்கயிறு, துணிக்கயிறு, இன்ஜின் கயிறு எல்லாம் ஒட்டுப்போட்டு முடிந்த கயிறு. ஈரம் முதல் முடிச்சு வரைக்கும்கூட வரவில்லை. பெரியவள் கொடுத்த கயிறுகள் மொத்தமும் காய்ந்து, தூசி படிந்து கிடந்தன. அவள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் கையெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரிந்தது, அதில் அவள் முகமும் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து மேகம் விலகியது. வெயில் மிளகாய்ச் செடிகள் மேல் மஞ்சளாக விழுந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பம்ப் முனகி, இருமி, ஓடத் தொடங்கியது. "வந்துட்டியா" என்று கணவர் கூவுவதும் கேட்டது.

சின்னவள் நிமிர்ந்தாள். அவள் பார்த்தது வெயிலை இல்லை, அந்தப் பக்கத்துக் குழாயை. பார்த்துவிட்டு மண்வெட்டியோடு ஓடி, மீதியிருந்த மடைகளையெல்லாம் ஒன்றாகத் திறந்துவிட்டாள். கடை மூடுவதற்குள் சாமான் வாங்க ஓடுகிறவளின் அவசரம் அது.

பெரியவளுக்கு அந்த ஓட்டம் போதும். ஆனாலும் கண்ணால் பார்த்துவிடுவது என்று கிணற்றுச் சுவரிலேயே உட்கார்ந்துகொண்டாள். வெயில் ஏற ஏற, உள்ளே கல்லில் ஈரக்கோடு ஒன்று தெரிந்தது. பிறகு அதன் கீழே இன்னொரு கல் தெரிந்தது. அவள் முகம் ஆழத்துக்குப் போய்ச் சிறுத்துவிட்டது. கடைசியில் மோட்டார் காற்றைக் குடித்துக் கத்தியது.

சின்னவள் வந்து அதை நிறுத்தினாள்.

"எங்க பம்ப் ஓடினா உன் கிணறு இறங்குதுன்னு உனக்குத் தெரியும்" என்றாள் பெரியவள்.

"தெரியும்க்கா."

"எப்பலேர்ந்து?"

"முதல் கயிறு வாங்கறப்பவே சந்தேகம். அடுத்ததுல தெரிஞ்சுபோச்சு."

"வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த? ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? கயிறு கேக்கத் தெரியுது, தண்ணி கேக்கத் தெரியலயா?"

சின்னவள் கையிலிருந்த சேற்றைச் சுவரில் வழித்தாள். "எப்படிக்கா கேக்கறது? அந்தத் தகடு வந்த அன்னைக்கு நீங்க பின்னாடி நின்னு அழுதீங்க. கைய இப்படிப் புடிச்சுக்கிட்டு. நான் சந்துல நின்னு பாத்தேன். எனக்கும் அழுகை வந்துடுச்சு. இனிமே அக்கா கைக்கு வேலை இல்லன்னு அவ்வளவு நிம்மதி. அதைப் போய் நிறுத்துங்கன்னு எந்த வாயால சொல்றது? திரும்ப அந்த ஹேண்டிலைப் புடிச்சுச் சுத்துங்கன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு."

"பைத்தியமாடி உனக்கு? அதை நிறுத்தினா என்ன, திரும்பப் போட ஒரு திருகு திருகினாப் போதுமே. ஹேண்டில் எங்க வந்துச்சு இதுல?"

சொன்ன பிறகுதான் பெரியவளுக்கே அது காதில் விழுந்தது. ஒரு திருகு. இத்தனை மாதமாக அவள் கை அந்த சுவிட்சின் பக்கம் போனதே இல்லை. பாத்தி நிறைந்து பாதையில் தண்ணீர் வழிந்தபோதும் போகவில்லை. ஓடுகிறதை நிறுத்தக் கூடாது என்று இன்ஜின் சொல்லிக்கொடுத்த பாடம், இன்ஜின் போன பிறகும் அவள் கையில் தங்கிவிட்டது. நிறுத்தினால் வலிக்கும் என்று கை நினைத்துக்கொண்டிருந்தது. இவள் கையும் அப்படி நினைத்தது, அதே இன்ஜினைச் சுற்றிய சின்னவளின் கையும் அப்படியே நினைத்தது. இரண்டு பேரும் இல்லாத கைப்பிடிக்குப் பயந்து, ஒருத்தி தண்ணீரை வழியவிட்டாள், ஒருத்தி குடத்தில் சுமந்தாள்.

பெரியவள் எழுந்து விறுவிறுவென்று நடந்தாள். பெட்டியின் முன்னால் நின்று, வேண்டுமென்றே வலது கையை நீட்டினாள். மணிக்கட்டு பாதிதான் திரும்பும். சுவிட்சுக்கு அந்தப் பாதி போதுமாக இருந்தது.

குழாய் இரண்டு தடவை விக்கி நின்றது. உச்சி வெயில் தகதகவென்று காய்ந்துகொண்டிருக்க, தோட்டம் அமைதியானது. மாடு அசைபோடுகிற சத்தம் கேட்டது. அதற்கு அடுத்ததாகக் கணவரின் குரல் கேட்டது.

"அடியே, என்னாச்சு?"

அவர் குழாயடியில் தலை நிறைய சோப்பு நுரையோடு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ரிப்பேரா?"

"இல்லீங்க. நான்தான் நிறுத்தினேன்."

"நிறுத்தினியா? ஓடறதை யாராவது நிறுத்துவாங்களா? கண்ணு எரியுது, போடு முதல்ல."

பெரியவள் போடவில்லை. தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு அவர் தலையில் ஊற்றிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். ஒரு செம்புக்கு ஒரு செய்தியாகச் சொன்னாள். நுரையோடு இருக்கிற மனிதன் எழுந்து போகமுடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

"அதெல்லாம் சரி, என் வாழை என்னாகும்?" என்றார் அவர். "இப்பவே இலையெல்லாம் மஞ்சளாயிட்டு வருது. தண்ணி பத்தலன்னு நானே கவலைப்பட்டுக்கிட்டிருக்கேன்."

"வாங்க, காட்டறேன்."

வாழையின் அடியில் குனிந்து அவள் ஒரு பிடி மண்ணைத் தோண்டி அவர் மூக்கருகில் நீட்டினாள். மண் களியாகக் குழைந்தது. புளித்த வாடை அடித்தது. வேர் ஒன்று கறுத்துப்போய் அவள் விரலோடு வந்தது.

"இது தாகம் இல்லீங்க. மூழ்கிக்கிட்டிருக்கு."

அவர் மண்ணை முகர்ந்தார், முகத்தைச் சுளித்தார், மறுபடி முகர்ந்தார். ஈரத்துண்டோடு வேலிச் சந்தில் நுழைந்தார். சின்னவள் அவரைக் கண்டதும் குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். கயிற்றைக் கையில் எடுத்து ஒவ்வொரு முடிச்சாக உருவிப் பார்த்தார். தடிக்கயிறு வந்ததும் அவர் கை நின்றது, அது எதைக் கட்டிய கயிறு என்று அவருக்குத் தெரியும்.

"ஏம்மா, உங்கக்கா கை ஒடிஞ்ச வருஷம் நீ எத்தனை நாள் வந்து சுத்துன?"

"அதெல்லாம் யாரு மாமா எண்ணினா?"

"ஆமா. நாங்களும் எண்ணல" என்றார் அவர். கயிற்றைச் சுவர் மேல் திரும்ப வைத்தார். "வெயிலுக்குப் பில் வராதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். வந்திருக்கு. எங்க வீட்டுக்கு வராம பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கு."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. இடுப்பில் கட்டியிருந்த ஈரத்துண்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதை அவர் கூச்சத்தோடு பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எதுவும் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. மேல்பாதி நிலத்தில் தோண்டிய வாழைக்குழிகளை மூடும்போது கணவர் ஒவ்வொரு குழிக்கும் ஒரு பெருமூச்சு விட்டார். அங்கே அதிகம் தண்ணீர் கேட்காத பயறு விதைத்தார்கள். பம்ப் மத்தியானத்துக்கு முன்பே நின்றுவிடும். ஒரு நாள் இவர்கள் தோட்டத்துக்கு, ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் என்று மடை மாறியது. முதல் சில நாள், வெயில் நன்றாக அடிக்கிறபோது சுவிட்சைத் திருப்புவது பெரியவளுக்குச் சாப்பிடுகிற பிள்ளையின் தட்டை இழுக்கிற மாதிரி இருந்தது. பிறகு பழகிவிட்டது. எடுக்காமல் விட்ட தண்ணீர் எங்கேயும் போய்விடாது, கீழே கிடக்கிறது என்று தன் கைக்குச் சொல்லிக்கொடுத்தாள். டாங்கியில் மிச்சம் வைத்த காலம் மாதிரிதான் இதுவும், டாங்கிதான் மண்ணுக்கு அடியில் போய்விட்டது.

வாழை பச்சைக்குத் திரும்பியது. எல்லாம் இல்லை, சில மரங்கள் போய்விட்டன. சின்னவளின் பூக்களிலும் கொஞ்சம் உதிர்ந்தது, ஆனால் நின்றது காயாகிப் பழுத்தது. காட்டில் சிவப்பு விழுந்த அன்று அவள் ஒரு முறம் நிறைய மிளகாயோடு சந்து வழியாக வந்தாள். முறத்தின் மேல் கழுவி, காயவைத்து, சுருட்டிய இரண்டு கயிறுகள் இருந்தன.

"இந்தாங்கக்கா, உங்க மாட்டுக்கயிறு. இது துணிக்கயிறு. பத்திரமா இருக்கு, பாத்துக்கங்க."

பெரியவள் வாங்கிக்கொண்டாள். கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். முடிச்சு இருந்த இடங்களில் நார் நசுங்கி, இன்னும் வளைந்தே இருந்தது. இவ்வளவு நீளத்துக்கு ஒருத்தி தினம் இறைத்திருக்கிறாள், இறைத்துவிட்டு வந்து இவளிடம் சிரித்துப் பேசியிருக்கிறாள். வெயிலுக்குச் சொன்ன நன்றியில் கால்வாசியாவது இவளுக்குச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. சொல்ல வாயெடுத்தாள். ஆனால் வேறு எதையோ கேட்டாள்.

"மூணு கொடுத்தேனே. இன்ஜின் கயிறு எங்கடி?"

"அதை மட்டும் அவிழ்க்கல" என்றாள் சின்னவள், முறத்தைத் தரையில் வைத்தபடி. "நாம என்னதான் பாத்து எடுத்தாலும் கோடைல கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அடுத்த கோடைக்கு எனக்கு வேணும்."

அடுத்த கோடைக்கு. பெரியவள் அந்த வார்த்தையை மனசுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. இந்தத் தடவை தகடுகளின் பின்னால் போய் ஒளிந்துகொள்ளவில்லை, சின்னவளுக்கு முன்னாலேயே நின்று அழுதாள். சின்னவள் அவளுடைய வலது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, "மிளகாய் தொட்ட கை, கண்ணைத் துடைச்சுடாதீங்க" என்றாள்.